சாக்குத் தொங்கிய ஜன்னல்

படம் தெளிவாகத் தெரிய வேண்டும். என் தொழிலில் நான் வைத்திருந்த ஒரே கொள்கை அதுதான். தொண்ணூறுகளில் கொட்டகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் சுற்றியிருந்த நாலைந்து தோட்டங்களிலும் டீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்குக் கொண்டுபோய்ப் படம் காட்டியவன் நான். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்களுக்குக் கரண்டு வராத காலத்தில் கார் பேட்டரியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவேன். டீவி தோளில், டெக் முதுகுப் பையில், பேட்டரி கையில். சடங்கு வீடு, காதுகுத்து, தீபாவளி என்று யார் கூப்பிட்டாலும் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக ஜன்னலைச் சாத்துவேன். பலகை இல்லாத ஜன்னலென்றால் கொழுந்துச் சாக்கை விரித்து ஆணியில் மாட்டுவேன். கதவிடுக்கில் வெளிச்சம் வந்தால் அதற்கும் ஒரு துணி.

"டீவிக்காரரு வந்தா வீட்டுல இருக்கிற வெயில எல்லாம் மூட்டை கட்டி வெளிய வச்சிட்டுத்தான் படம் போடுவாரு" என்பாள், லயத்தில் என் அக்காவின் வீட்டை ஒட்டிய காம்பராவில் இருந்த ஒரு அம்மா. கொழுந்து எடுக்கிற வேலையிலிருந்து நின்று, வீட்டோடு இருந்தவள். வாயைத் திறந்தால் லயமே சிரிக்கும். அவள் அப்படிச் சொன்னதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெட்டியைக் கழற்றிப் பூட்டியது, சிங்களம் பேசியது, ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதியது எல்லாம் கொட்டகலைக் கடைத்தெருவில் பழகிக்கொண்டதுதான். படம் ஓடும்போது நான் படம் பார்க்க மாட்டேன். பார்க்கிறவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். திரையில் வருகிற வசனத்தைவிட அது நன்றாக இருக்கும். அப்படிக் கேட்டுச் சேர்த்ததெல்லாம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷத்தில் லயத்துக்குக் கரண்டு வந்துவிட்டது. டெக் போய் சீடி பிளேயர் வந்தது. பேட்டரி தூக்குகிற வேலை மிச்சம். அப்போது அக்காவின் மகளுக்குப் பத்து வயது.

அவளுக்கு இரண்டு வயதில் நெஞ்சில் சளிக்காய்ச்சல் கடுமையாக வந்தது. காய்ச்சல் போய்விட்டது, போகும்போது எதையோ உள்ளே விட்டுவிட்டுப் போனது. தினமும் விடிந்தால் இருமல். கெட்டியாகச் சளி. மேட்டில் பத்து எட்டு வைத்தால் நின்றுவிடுவாள். "அந்தப் புள்ள நாலு வார்த்த பேசினா அதுல ரெண்டு இருமலு" என்று பக்கத்துக் காம்பரா அம்மா சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை, சொன்னவளும் சிரிக்கவில்லை. டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் வரைந்து காட்டினார். நெஞ்சுக்குள் காற்றுப் போகிற குழாய்கள் சில இடங்களில் தளர்ந்து பை மாதிரி ஆகிவிட்டன, அங்கே சளி தேங்குகிறது, தளர்ந்தது இனி இறுகாது, ஆனால் சளியை அன்றன்றைக்கு வெளியே கொண்டுவந்து, நெஞ்சுக்கும் காலுக்கும் வேலை கொடுத்தால் நல்லபடியாக வாழலாம் என்றார்.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஆறாம் வகுப்புக்குக் கொட்டகலைக்குப் போக வேண்டும். குறுக்குப்பாதையில் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர் மலையில் படி ஏற வேண்டும். வண்டிப் பாதை சுற்று, அதில் பஸ்ஸும் கிடையாது. ஜனவரியில் அவள் அந்தப் படியை ஏற முடிந்தால் பள்ளிக்கூடம். முடியாவிட்டால் அக்கா பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்துக்குப் போகிற நேரமெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருந்து, பதினெட்டு வயதில் அவளும் தோட்டத்தில் பேர் பதிய வேண்டியதுதான். மச்சான் கொழும்பில் கடையில் நின்றார், தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார். ஆகவே ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு போனவன் நான்.

ஆகஸ்ட் மாதம் டாக்டர் எங்களை உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் மிஸ்ஸிடம் அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன உருவம், கணீரென்ற குரல். நீளமான வராந்தாவில் இரண்டு நாற்காலிகளைத் தூரத் தூரப் போட்டு, "இஞ்ச இருந்து அங்க, அங்க இருந்து இஞ்ச. ஆறு நிமிசம். ஏலாட்டி நில்லுங்கோ, வெக்கமில்லை" என்று பிள்ளையை நடக்க விட்டார். மூன்றாவது தடவை நாற்காலியை எட்டியதும் அவள் உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

மிஸ் ஒரு சீடியை எடுத்தார். "இது நெஞ்சு வருத்தமுள்ள பிள்ளையளுக்கு எண்டு செய்தது. சிங்களத்திலதான் இருக்கு. ஒரு நாளும் விடாம இதைப் போட்டுச் செய்ய வேணும். பார்த்துக்கொண்டு இருக்கிறதில்லை, செய்ய வேணும். உங்கட வீட்டில சீடி பிளேயர் இருக்கோ?"

ஆஸ்பத்திரிக்குள் அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "இவனுக்குத் தொழிலே அதுதாங்க மிஸ்."

"அப்ப நல்லதாப் போச்சு. தை மாசம் பள்ளிக்கூடம் நடந்து போகலாமோ எண்டு மார்கழியில சொல்லுறன்."

பஸ்ஸில் வரும்போது அந்தச் சீடியை நான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எத்தனையோ நூறு படம் தூக்கியிருக்கிறேன், ஒன்றையும் அப்படிப் பிடித்ததில்லை.

அன்று சாயந்தரமே அக்கா வீட்டில் டீவியை இறக்கினேன். சீடியில் ஒரு பெரிய கூடம், நிறம் நிறமாகச் சட்டை போட்ட ஆறு பிள்ளைகள், மஞ்சள் சட்டையில் ஒரு டீச்சர். பலகை மேல் ஏறுவார்கள், இறங்குவார்கள், கையைத் தலைக்கு மேல் தூக்கி விரிப்பார்கள், கண்ணாடியில் ஆவி பிடிக்க ஊதுவதுபோல வாயைத் திறந்து ஹா என்று ஊதுவார்கள். டீச்சர் "ஹுஸ்ம கன்ன" என்பார், மூச்சை எடுங்கள் என்று அர்த்தம். "ஹெமின்" என்பார், மெதுவாக. ஒவ்வொன்றும் முடியும்போது "தவ எக பாரக்" என்பார். இன்னும் ஒரு தடவை.

அந்த ஆறு பேரில் இரட்டைச் சடை போட்ட ஒருத்தி இருந்தாள். பலகை ஏறி இறங்கும்போது நடுவில் நின்று இருமுவாள், கைக்குட்டையில் வாயைத் துடைப்பாள், படம் எடுக்கிறவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி ஏறுவாள். அதை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள். மருமகள் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"மாமா, அவளுக்கும் இருக்கு."

"ஆமா."

"எங்க இருப்பா அவ?"

"எங்கயாவது ஒரு லயத்துல" என்றேன். அந்தக் கூடத்துத் தரை முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. அவள் நம்பவில்லை, ஆனால் அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

தோட்டத்தில் ஒரு காம்பராவில் டீவி ஓடினால் அது அந்தக் காம்பராவின் டீவி இல்லை, லயத்தின் டீவி. மூன்றாம் நாளிலிருந்து அக்கா வீட்டில் கூட்டம். பிள்ளைகள் வரிசையாக நின்று ஹா ஹா என்று ஊதினார்கள். கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். நான் வழக்கப்படி ஜன்னலைச் சாத்திச் சாக்கை மாட்டினேன். சாயந்தர வெயில் சரியாக அந்த ஜன்னல் வழியாகத்தான் திரையில் அடிக்கும், சாத்தாவிட்டால் ஒன்றும் தெரியாது. வெயில் போனால் பனி வரும், அதற்கும் சாத்தத்தான் வேண்டும்.

அக்கா வேலை விட்டு வந்ததும் பின்பக்கம் அடுப்பைப் பற்றவைப்பாள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்புவதென்பது எங்கள் பக்கம் நடக்காத காரியம். அதிலும் டீவி ஓடுகிற வீட்டில். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற மிலாறுக் குச்சிதான் விறகு, மழைக்காலத்தில் அது பாதி ஈரம். புகை போகப் புகைபோக்கி கிடையாது. கூரைத் தகரத்தில் முட்டி, முன் காம்பராவுக்கு வந்து, திரைக்கு முன்னால் மெதுவாக நகரும். டீச்சரின் மஞ்சள் சட்டை மங்கும்.

நான் அட்டையால் விசிறிவிடுவேன். திரையிலிருந்து விலக்கி, பிள்ளை நிற்கிற பக்கமாக. அதை இப்போது எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. அன்றைக்கு எனக்குத் திரைதான் தெரிந்தது. படம் தெளிவாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு, என் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். டீச்சர் "ஹுஸ்ம கன்ன" என்றதும் மருமகள் எல்லாரையும்விட ஆழமாக இழுப்பாள். நல்ல பிள்ளை. சொன்னதை அப்படியே செய்கிற பிள்ளை.

ஒரு மாதத்துக்கு மேல் ஒரு நாள் விடாமல் நடந்தது. இருமல் கூடியது. முதலில் சளி இளகி வருகிறது, அதுதான் என்று நினைத்தோம். அக்டோபர் மழையில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வார்டில் கிடந்தாள். அக்கா லீவு போட்டுக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தாள். நான் சோறு கொண்டுபோனபோது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அந்த ஆட்டத்த நிப்பாட்டிரலாம் தம்பி. சும்மா இருந்த நெஞ்சப் போட்டுக் கிளறி விட்டாச்சு. பள்ளிக்கூடமும் வேணாம், ஒண்ணும் வேணாம். உசுரோட கண்ணு முன்னால இருந்தாப் போதும்."

கட்டிலில் இருந்தவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். தூங்குகிறபோது அவள் மூச்சு வேறு மாதிரிக் கேட்கும்.

வீட்டுக்கு விடுகிற அன்று மிஸ் வந்து பார்த்தார். நாற்காலிக்கு நாற்காலி நடக்கவிட்டார். இரண்டாவது தடவையிலேயே நின்றாள். அக்கா, "செஞ்சதாலதாங்க மிஸ் இப்படி ஆச்சு" என்றாள். மிஸ் கோபப்படவில்லை. பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து, வீட்டிலிருந்து நான் அன்று கொண்டுவந்து போட்டுவிட்ட கம்பளிச் சட்டையின் கழுத்தில் மூக்கை வைத்து மோந்தார்.

"இதென்ன புகை மணம்?"

நாங்கள் இருவரும் விழித்தோம். எங்களுக்கு அதில் எந்த மணமும் இல்லை. எல்லாச் சட்டையும் அப்படித்தானே இருக்கும்.

மிஸ் பிள்ளையிடமே கேட்டார். "நீங்கள் எங்க வச்சுச் செய்யிறனீங்கள் குஞ்சு?"

"முன் காம்பராவுல மிஸ்."

"அடுப்பு எங்க?"

"பின்னால. தேத்தண்ணி ஊத்துவாங்க எல்லாருக்கும்."

"ஜன்னல் திறந்துதானே இருக்கும்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னாள், பெருமையாகச் சொன்னாள். "இல்ல மிஸ். மாமா சாக்குப் போட்டு நல்லா மூடிருவாரு. வெளிச்சமே வராது. படம் தியேட்டர் மாதிரி தெரியும்."

 மிஸ் என்னைப் பார்த்து, திட்டாமல், கணக்கு வாத்தியார் மாதிரி விளக்கினார். பயிற்சி செய்யும்போது மற்ற நேரத்தைவிட எவ்வளவோ கூடுதலாகக் காற்றை உள்ளே இழுக்கிறோம். அந்தக் காற்றில் என்ன இருக்கிறதோ அதுவும் கூடுதலாகப் போகும். "பயிற்சியில பிழை இல்லை அண்ணை. காத்தில பிழை."

 பஸ்ஸில் பிள்ளை என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வீட்டுக்குள் போனதும் நான் சாக்கை இழுத்தேன். ஆணியோடு வந்தது.

"அக்கா, நான்தான் செஞ்சேன்" என்றேன்.

அக்கா அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அங்கே அவளுக்கு மேலே சுவர் தார் பூசினதுபோல் கறுத்திருந்தது. நாங்கள் பிறந்த வீடும் அதே கறுப்புத்தான். அவள் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுப்பு என்னோடது, சாக்கு ஒன்னோடது" என்றாள். "பாதிப் பாதியா வச்சுக்கலாம். அதுக்கு என்ன செய்யலாம்னு பாரு."

உடம்பு தேறியதும் மறுபடி தொடங்கச் சொல்லியிருந்தார் மிஸ். நவம்பர் பிறந்ததும் டீவியை இஸ்தோப்புக்குத் தூக்கினேன். லயத்தில் காம்பராவுக்கு முன்னால் கூரை இறங்கி நிற்கிற அந்த ஒடுங்கிய இடம்தான் இஸ்தோப்பு. மூன்று பக்கமும் காற்று. சாயந்தரம் எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும் என்பதால் பள்ளிக்கூடம் விட்டு வந்து கொஞ்சம் இளைப்பாறியதும், மூன்று மணிக்கு என்று வைத்துக்கொண்டோம். அந்த நேரத்துக்கு வருகிற வாடகையை வேண்டாமென்றுவிட்டேன்.

பொத்தானை அழுத்தினேன். திரை வெள்ளையாக இருந்தது. நிழல் மாதிரிக்கூட ஒன்றும் இல்லை. எங்கள் இரண்டு பேரின் முகமும், பின்னால் எதிர் மலையும்தான் கண்ணாடியில் தெரிந்தது.

"மாமா, படம் தெரியல."

"கொரல் கேக்குதுல்ல?"

"கேக்குது."

பக்கத்துக் காம்பரா அம்மா வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னங்க டீவிக்காரரே, ரேடியோக்காரரா ஆயிட்டீங்களா?"

என் பதினைந்து வருஷத் தொழிலில் அதைவிடப் பெரிய அடி எனக்கு யாரும் கொடுத்ததில்லை. நான் சிரித்தேன்.

அவள் வீட்டில்தான் இன்னொரு சிக்கல் இருந்தது. வேலைக்குப் போனவர்கள் வருவதற்குள் அவள் மூன்று மணிக்கே அடுப்பைப் பற்றவைப்பாள். நடுச் சுவர் கூரைக்கு எட்டாது, அவள் புகை நேராக எங்கள் இஸ்தோப்புக்கு வரும். போய்ச் சொல்ல வேண்டும். அடுப்பை அணையுங்கள் என்று ஒரு வீட்டில் போய்ச் சொல்வது லேசுப்பட்ட காரியமா? அக்கா இரண்டு நாள் யோசித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னாள்.

"அப்ப ஒன் மக மூச்சு விட்டு முடிக்கிற வரைக்கும் எங்களுக்குத் தேத்தண்ணி இல்ல, அப்படித்தானே?"

"கோவிச்சுக்காதீங்கம்மா."

"கோவிச்சுக்கிறேன். ஆனா பத்த வைக்கல" என்றாள் அந்த அம்மா. அடுத்த நாளிலிருந்து ஒன்றரைக்கே தண்ணியைச் சுடவைத்துப் பிளாஸ்கில் ஊற்றி வைத்துக்கொண்டாள். மூன்று மணிக்குத் தன் வாசல்படியில் உட்கார்ந்து, சிங்களம் ஒரு வார்த்தை பேசாதவள், டீச்சருக்கு முந்தி "தவ எக பாரக்" என்று சொல்வாள்.

மருமகளுக்கு ஒரு குறை இருந்தது. இரட்டைச் சடைக்காரியைப் பார்க்க முடியவில்லை. ஆனால் பலகை ஏறி இறங்குகிற இடத்தில் அவளுடைய இருமல் மட்டும் கேட்கும். "இப்ப இருமுவா பாருங்க மாமா" என்று முன்கூட்டிச் சொல்வாள். இருமல் வரும். "இப்பச் சிரிக்கிறா" என்பாள் வெள்ளைத் திரையைப் பார்த்து. பிறகு தானும், பலகைக்குப் பதிலாகப் போட்டிருந்த மரக்கட்டையில் ஏறுவாள். மழைச் சாரல் அடிக்கிற நாளில் அந்தப் பழைய சாக்கை டீவியின் தலைக்கு மேல் போர்த்திவிடுவேன். காலையிலும் அவள் தானாக எழுந்து ஹா என்று ஊதிச் சளியைத் துப்பிவிட்டு வருவாள். படுக்கையை அடுப்புப் பக்கத்திலிருந்து முன் காம்பராவுக்கு மாற்றியிருந்தோம். ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்து, பனிக்கு இரண்டு கம்பளி.

இப்போதெல்லாம் இந்த மாதிரிப் பயிற்சிகள் கைப்பேசியிலேயே வருகின்றனவாம். பிள்ளை எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று அதுவே எண்ணிச் சொல்கிறதாம். நல்லதுதான். எங்களுக்கு எண்ணிச் சொன்னது வாசல்படியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா. சில நாள் பேச்சு மும்முரத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டு, பிள்ளையை மறுபடி முதலிலிருந்து ஏற வைத்துவிடுவாள்.

டிசம்பர் கடைசியில் மிஸ்ஸிடம் போனோம். நாற்காலிக்கு நாற்காலி, நாற்காலிக்கு நாற்காலி. இரண்டு தரம் நின்றாள், ஆனால் உட்காரவில்லை. ஆறு நிமிஷம் முடிந்ததும் மிஸ் முதலில் கம்பளிச் சட்டையைத்தான் மோந்து பார்த்தார். "இன்னும் கொஞ்சம் மணக்குது. பரவாயில்லை" என்றார். "ஓடச் சொல்லேல்லை. ஆறுதலா நடந்து போகலாம்."

அக்கா அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள் அக்காவுக்குப் பெரட்டு. எதிர் மலையில்தான் அன்று கொழுந்து. அவள் முன்னாலேயே போய்விட்டாள். நான் மருமகளுக்குப் பின்னால் பத்தடி விட்டு நடந்தேன். புத்தகப் பையை வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. ஓடை வரைக்கும் இறக்கம், ஒன்றுமில்லை. படி தொடங்கியது. டீவியைத் தோளில் வைத்துக்கொண்டு எத்தனையோ தடவை நான் ஏறிய படி, மூச்சு எங்கே முட்டும் என்று எனக்கு ஒவ்வொன்றாகத் தெரியும். நான் பெட்டியை இறக்கி வைக்கிற அதே தட்டைக் கல்லில் அவளும் நின்றாள். குனிந்து, ஹா என்று ஊதி, இருமி, துப்பி, கைக்குட்டையால் வாயைத் துடைத்தாள்.

மேலே தேயிலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "தவ எக பாரக்."

பக்கத்து வரிசையில் இன்னொருத்தி. பிறகு நாலைந்து பேர். எல்லாரும் அக்கா வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தவர்கள். "கையப் பாருங்க, வாயப் பாத்தது போதும்" என்று கங்காணி சத்தம் போட்டார். அவர் மகனும் அங்கே வந்து ஹா ஹா என்று ஊதியவன்தான், அதனால் அந்தச் சத்தத்தில் பெரிய காரம் இல்லை.  அக்கா மட்டும் கூடையோடு நிமிர்ந்து நின்றாள், கொழுந்து பறிக்கிற இரண்டு கையும் சும்மா இருந்தது.

மருமகள் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். பையைச் சரிசெய்துகொண்டு அடுத்த படியில் கால் வைத்தாள். அந்த மலையில் அந்த நேரத்துக்கு எப்போதும் பனி இறங்கியிருக்கும். அன்று இல்லை. நான் கல்லிலேயே நின்றுகொண்டேன். வெள்ளைச் சட்டை மேல் வளைவில் திரும்புகிற வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.